தெருமுனையில் கம்பி இல்லாத பங்களா வீடுகள்: இங்கே தூக்கம் வருமா?

ஒரு வாசகரின் கேள்வி:
கோலாலம்பூரில் பத்து வருஷம் காவலர், தடுப்புக் கம்பி, அட்டை காட்டினால் திறக்கும் வாசல் என்று இருந்துவிட்டோம். இப்போது அப்பா அம்மாவுக்காகச் சுங்கை சிப்புட் பக்கம் வரப் போகிறோம். ஒரு பங்களா வாடகைக்கு இருக்கிறது. டாக்டர், வக்கீல், குத்தகைக்காரர்கள் இருக்கும் தெருவாம். ஆனால் காவலும் இல்லை, கம்பியும் இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். "அங்கே எனக்குத் தூக்கமே வராது" என்கிறார் மனைவி. தோட்டத்து ஊரில் பணக்காரத் தெரு என்றால் எல்லார் கண்ணும் அங்கேதானே இருக்கும்? அப்படி இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2 ஜூன் 2024

அப்படி ஒரு தெருவில்தான் 1996 முதல் இருக்கிறேன். மொத்தம் 26 வீடு. ஓய்வு பெற்ற தாதி நான். ஊரில் இன்னும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கணவர் 2017இல் தவறிவிட்டார். வீட்டில் நானும் 84 வயது அம்மாவும்தான். இரவு பத்தரைக்குப் படுத்தால் காலை ஐந்தரைக்குத்தான் எழுந்திருக்கிறேன். உங்கள் மனைவிக்கு என் பதில் இதுதான்.

ஆனால் எப்போதும் இப்படித் தூங்கியதில்லை. நடுவில் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் மாத்திரை போட்டும் தூங்காமல் கிடந்திருக்கிறேன். அதையும் சொன்னால்தான் நியாயம்.

3 ஜூன்

2011 ஆகஸ்ட் மாதம். காலை ஏழு மணி. வாசல் கேட்டுக்கு வெளியே, சாக்கடை ஓரமாக ஒரு மல்லிகைச் செடி வைத்திருந்தேன். ரப்பர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் இரண்டு பையன்கள் வந்து நின்றார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன், "ஆண்ட்டி, டாக்டர் வீடு எது?" என்று கேட்டான். கையைக் காட்டத் திரும்பினேன். தாலிக்கொடி போய்விட்டது.

கழுத்தில் கோடு போட்டது மாதிரி ஒரு காயம். மருந்து நானே போட்டுக்கொண்டேன். முதலில் ஓடி வந்தவர் ரொட்டிக்காரர். மோட்டாரை அப்படியே சாய்த்துவிட்டு வந்து, முதல் வேலையாகக் குழாயை மூடினார். அதற்குள் தண்ணீர் சாலையைத் தாண்டி எதிர்வீட்டு வாசல் வரைக்கும் போயிருந்தது. என்னைப் படிக்கட்டில் உட்கார வைத்து, என் கணவரை எழுப்பப் போனார். அந்த ஈரச் சாலைதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பையன்களின் முகம் ஞாபகமில்லை.

அன்றே போலீசில் புகார் கொடுத்தோம். கொடி கிடைக்கவில்லை. அதை விட என்னை ரொம்ப நாள் அரித்தது வேறு. அவன் என்னிடம் தமிழில் கேட்டான். நம் வீட்டுப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான்.

4 ஜூன்

ஈப்போவிலிருந்து ஒருவர், "அப்போது நாடு முழுக்க அப்படித்தானே" என்று எழுதியிருக்கிறார். உண்மைதான். குற்றத்தைக் குறைப்பதை 2010இல் அரசாங்கம் ஆறு முதன்மை வேலைகளில் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. அதிலும் பை பறிப்பு, சங்கிலி பறிப்பு மாதிரித் தெருக் குற்றங்கள்தான் பெரிய தலைவலியாக இருந்தன. நகரங்களில் நடைபாதை ஓரமாகக் கம்பித் தடுப்பு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார்க்காரன் கை நீட்டிப் பையைப் பிடுங்க முடியாதபடி போட்டது. 2004இல் தொடங்கிய பாதுகாப்பான நகரத் திட்டத்தில் அதுவும் ஒரு அங்கம். சந்தைக்கு நடந்து போனால் இன்றும் என் பை சாலைப் பக்கத் தோளில் இருக்காது. பழகிவிட்டது.

5 ஜூன்

சரி, காவல் போட்ட கதைக்கு வருகிறேன். கொடி போன அடுத்த மாதமே தெருவில் கூட்டம் போட்டோம். எல்லாரும் பேசினார்கள், ஆனால் அதிகம் பேசியது நான்தான். தெருவுக்குள் வர முன்பக்கம் ஒரே வழி. அங்கே குடிசை மாதிரி ஒரு காவல் அறை, ஏற்றி இறக்கும் கம்பி, இரவும் பகலும் ஒரு ஆள். வீட்டுக்கு மாதம் 120 வெள்ளி (ரிங்கிட்). நான்தான் பொருளாளர்.

2012 மார்ச்சில் ஆரம்பித்தது. காவலர் நேப்பாள நாட்டுக்காரர். நம் நாட்டில் வெளிநாட்டவரைக் காவல் வேலைக்கு எடுப்பதென்றால் நேப்பாளிகளைத்தான் எடுக்கலாம். முதல் வாரம் நன்றாகத் தூங்கினேன். கம்பி இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்டால் மனசுக்கு அவ்வளவு ஆறுதல்.

மொத்தம் 14 மாதம் நடந்தது. ஏன் நின்றது என்பதை நாளைக்கு எழுதுகிறேன்.

6 ஜூன்

இரண்டு காரணம். ஒன்று, பணம். முதல் மாதம் எல்லா வீடும் கட்டியது. ஆறாம் மாதத்தில் 15 வீடு. 2013 ஜனவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று சட்டம் வந்ததும் காவல் நிறுவனமும் விலையை ஏற்றியது. ஏற்றியது தப்பு என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு மணி நேரம் வெயிலிலும் கொசுவிலும் நிற்கிறவருக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

இரண்டு, எங்கள் சாலை பொதுச் சாலை. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். சுற்றுச்சுவருக்குள் இருக்கும் குடியிருப்பு வேறு: அங்கே சாலையும் பூங்காவும் வீட்டுக்காரர்களின் கூட்டுச் சொத்து, பராமரிப்புப் பணம் கட்டியே ஆக வேண்டும். எங்களுடையது தனித்தனி நிலப்பட்டா உள்ள வீடுகள். வாசலைத் தாண்டிக் கால் வைத்தால் அது ஊருக்குச் சொந்தமான சாலை. அதை மறித்தால் 1974ஆம் வருஷத்துச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம். 2010இல் வந்த வழிகாட்டி விதிமுறைப்படி, அனுமதி வாங்கினால் காவலர் அறை வைக்கலாம். ஆனால் பணம் கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நாங்கள் அனுமதி வாங்கவே இல்லை. வைத்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டோம். கடிதம் வந்தது, எடுத்துவிட்டோம்.

பிறகு 2015இல் கோத்தா டாமன்சாராவின் டிவில்லா ஈக்குவெஸ்ட்ரியன் குடியிருப்பு வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், ஊராட்சி மன்றத்தின் அனுமதியோடு வைத்த கம்பி சாலையை மறிப்பதாகாது என்று தீர்ப்புச் சொன்னது. பணம் கட்டாத வீட்டுக்காரர் தானே இறங்கிக் கம்பியைத் தூக்கிவிட்டுப் போக வேண்டியிருந்தாலும் அது வெறும் அசௌகரியம்தானாம். ஆகவே உங்கள் தெருவில் யாராவது காவல் போடலாம் என்று சொன்னால் முதலில் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

9 ஜூன்

பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 14 மாதம் இல்லை, 11 மாதம்தான். 2012 மார்ச்சிலிருந்து 2013 ஜனவரி வரை. வீடும் 26 இல்லை, 24. இரண்டு மனை காலியாகக் கிடக்கிறது, அதையும் சேர்த்து எண்ணிவிட்டேன்.

இன்னொன்றும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. 2012 நவம்பர் பக்கத்தில் என் கையெழுத்திலேயே "9ஆம் எண் வீடு, பின் சந்து" என்று எழுதி வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம், அந்த வீட்டுச் சமையலறைக் கம்பியை அறுத்து உள்ளே போயிருந்தார்கள். முன்னால் காவலர் விழித்துத்தான் இருந்தார். அவர் மீது குற்றமே இல்லை. பின் சந்துக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம், சந்தில் ஒரே ஒரு விளக்கு, அதுவும் எரியவில்லை. நாங்கள் 24 வீட்டுக்காரர்களும் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

12 ஜூன்

எழுத வேண்டாமென்று மூன்று நாளாக நினைத்தேன். ஆனால் இதை விட்டுவிட்டால் மேலே எழுதியதெல்லாம் பாதிக் கதை.

காவலருக்கு நாங்கள் கொடுத்த முதல் உத்தரவு: "மோட்டாரில் இரண்டு பேர் வந்தால் நிறுத்து." தெருக் கூட்டத்தில் அப்படித்தான் முடிவு. ஆனால் அவரிடம் அதைச் சொன்னது நான். சொல்லும்போது "நம்ம பசங்க மாதிரி இருந்தா" என்றும் சேர்த்துச் சொன்னேன். மலாயில் சொன்னேன், அவருக்குப் புரியும்படி என் கைத்தோலைத் தொட்டுக் காட்டினேன். ஆமாம், நான்தான்.

எங்கள் வீட்டுக்குத் துணி தேய்க்க ஒரு அக்கா வருவார். தோட்டம் விற்கப்பட்டபோது லயத்திலிருந்து (தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுக்கும் வரிசை வீடு) வெளியேறி மலிவு விலை வீட்டுக்குப் போன குடும்பம். வீட்டில் தோசை மாவு அரைத்து விற்பார். எங்கள் தெருவில் ஐந்தாறு வீட்டுக்கு அவர் மகன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து கொடுப்பான். அப்போது பதினாறு வயது, புதிதாக லைசென்ஸ் எடுத்திருந்தான். அன்றைக்குத் தம்பியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்திருக்கிறான், மாவுப் பைகளைப் பிடித்துக்கொள்ள. காவலர் நிறுத்திவிட்டார். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்குப் போன் போட்டார், நான் கோயிலில் இருந்தேன், எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இரண்டு பிள்ளைகளும் அந்த அறைக்குப் பக்கத்தில், சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தெருக்காரர்கள் எல்லாரும் காரில் அவர்களைக் கடந்து போயிருக்கிறார்கள். அந்த மாவை வாங்கிச் சாப்பிட்டவர்கள்தான். ஒருத்தரும் கண்ணாடியை இறக்கி என்னவென்று கேட்கவில்லை.

நான் வந்து பார்த்தபோது மாவு பொங்கிப் பையை விட்டு வழிந்திருந்தது. சின்னவன் அதைக் கைவிரலால் வழித்து வழித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா நாற்காலி போட்டு, காப்பி கலக்கிக் கொடுத்தார். "அவன் ஒண்ணும் சொல்லல மிஸ்ஸி. ஆனா அந்தத் தெருவுக்கு மாவு கொண்டு போடான்னா, வேற யாரையாச்சும் அனுப்புங்கறான்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் பேச வாயில்லை. அக்கா தேய்க்க வருவதை நிறுத்தவில்லை, அது அவருக்கு வருமானம். ஆனால் பிறகு ஐந்து மாதம் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

என் கொடியைப் பறித்தது இரண்டு பேர். ஊரில் மோட்டார் ஓட்டுகிற எல்லாப் பிள்ளைகளிடமும் அதற்குக் கணக்குக் கேட்டேன்.

16 ஜூன்

இன்றைய தேதி எங்கள் ஊருக்கு முக்கியமானது. 1948 ஜூன் 16 காலையில்தான் இங்கே எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகளைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். 1960 ஜூலை 31 வரை நீடித்தது.

அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. இதையெல்லாம் எழுதுகிறேன் என்று சொன்னதும் அவர்தான் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். அதற்கு முன்னால் துரை பங்களாவுக்கு வேலியே கிடையாதாம், செம்பருத்திச் செடி வரிசைதானாம். ஆடு உள்ளே போனால் தோட்டக்காரர் கத்துவார், அவ்வளவுதான். 1948க்குப் பிறகு பங்களாவைச் சுற்றி முள்கம்பி, மணல் மூட்டை, துப்பாக்கியோடு காவல். இரண்டு மூன்று வருஷத்தில் லயங்களையும் ஒன்றாகச் சேர்த்து முள்கம்பிக்குள் கொண்டுவந்தார்கள். சீனர்களைப் புதுக்கிராமங்களில் வைத்த அதே பிரிக்ஸ் திட்டத்தின் காலம்தான். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ரப்பர் பால் வெட்டப் போகும்போது வாசலில் சோதனை. காட்டில் இருக்கும் கெரில்லாக்களுக்குச் சோறு போய்விடக்கூடாது என்பதற்காக, மதியச் சாப்பாட்டைக்கூட வெளியே கொண்டுபோக விடவில்லையாம்.

"எங்கம்மா முந்தானையில ஒரு கைப்பிடி பொரிகடலை முடிஞ்சி வெச்சிருந்தாங்க. அவன் அவுத்து மண்ணுல கொட்டினான். நான் பாத்துக்கிட்டே நின்னேன்" என்றார் அம்மா. அதைச் சொல்லும்போது தன் முந்தானை முனையைப் பிடித்து இரண்டு விரலால் முடிச்சுப் போட்டுக் காட்டினார்.

2012இல் எங்கள் தெருக் கம்பி இரவில் 'டக்' என்று இறங்கும்போதெல்லாம் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். வயசான காலத்தில் தூக்கம் குறைவு என்று நினைத்து அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். தாதி அல்லவா நான். அம்மா ஏன் எழுகிறார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்த சத்தம் அவருக்கு என்னவாகக் கேட்டிருக்கும் என்று இந்த வாரம்தான் தெரிந்தது.

17 ஜூன்

ஹஜ்ஜுப் பெருநாள். எதிர்வீட்டு மலாய்க் குடும்பம் சனிக்கிழமையே கம்பத்துக்கு, சொந்த ஊருக்கு, போய்விட்டது. வீட்டுச் சாவி என்னிடம். பூனைக்குச் சோறு வைத்துவிட்டு, வாசல் விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.

22 ஜூன்

"அந்தக் காலத்தில் லயத்தில் கதவே பூட்ட மாட்டோம், அவ்வளவு பத்திரம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன். நானும் லயத்தில் பிறந்தவள். கதவு பூட்டவில்லை, ஏனென்றால் வீட்டில் எடுத்துப் போக எதுவும் இல்லை. கோழி திருட்டு இருந்தது. சம்பள நாளில் கள்ளுக்கடை மூடிய பிறகு அடிதடி இருந்தது. மெல்லிய பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அடி வாங்குகிற சத்தம் வரிசை முழுக்கக் கேட்கும், யாரும் போக மாட்டார்கள். அதை மறந்துவிட்டு 'பத்திரம்' என்று சொல்ல என்னால் முடியாது. வெளியாள் வந்தால் மட்டும் பத்து வீட்டுக்கும் தெரிந்துவிடும், அது உண்மை.

பங்களாத் தெருவில் அதுதான் குறை. சுவர் உயரம், எல்லாருக்கும் குளிர்சாதனம், ஜன்னல் மூடிக் கிடக்கும். பக்கத்து வீட்டில் கத்தினாலும் கேட்காது. 9ஆம் எண் வீட்டில் கம்பி அறுத்தது யாருக்காவது கேட்டதா?

23 ஜூன்

பூட்டு பற்றிக் கேட்ட தம்பிக்கு. கிரில் கதவைப் பூட்டுங்கள். ஆனால் சாவியை ஒளித்து வைக்காதீர்கள். திருடனுக்குப் பயந்து உள்ளுக்குள்ளே பூட்டிக்கொண்டு, தீப்பிடித்தபோது சாவி கிடைக்காமல் குடும்பத்தோடு போனவர்கள் இந்த நாட்டில் உண்டு. தீக்காயப் பிரிவில் நான் வேலை பார்த்திருக்கிறேன், இதற்கு மேல் விவரிக்க மாட்டேன். எங்கள் வீட்டில் சாவி கதவிலிருந்து மூன்றடி தூரத்தில், வெளியிலிருந்து கை எட்டாத பக்கம், ஆணியில் சிவப்பு ரிப்பனோடு தொங்கும். மாதம் ஒரு தடவை விளக்கை அணைத்துவிட்டு அம்மாவை எடுக்கச் சொல்வேன். எடுத்துவிடுவார்.

ஊருக்குப் போகும்போது கேட்டை வெளிப்பக்கமாகப் பூட்டி, பூட்டுத் தெரியும்படி விட்டுப் போகாதீர்கள். பகலில் எரியும் வாசல் விளக்கு, கேட்டில் சேர்ந்து கிடக்கும் விளம்பரத் தாள், இவை எல்லாம் ஆள் இல்லை என்று ஊருக்கே அறிவிப்பவை. போலீஸ் நிலையத்தில் ஊருக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் படிவம் இருக்கிறது, காசு கிடையாது.

29 ஜூன்

காவல் போன பிறகு எப்படித் தூக்கம் வந்தது என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி, நானே யோசித்துப் பார்த்தேன். ஒரே நாளில் வரவில்லை.

கம்பியை எடுத்த பிறகு 18ஆம் எண் வீட்டு ஓய்வு பெற்ற ஆசிரியர்தான் ருக்குன் தெத்தாங்கா, அதாவது அக்கம்பக்கத்தார் சேர்ந்து தெருவைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு, ஆரம்பிக்கலாம் என்றார். 1975இல் அது வந்தபோது ஈப்போவில் இருந்தவர் அவர்; அப்போது ரோந்து கட்டாயம், முறை போட்டுக் கம்பும் டார்ச்சுமாக நடப்பார்களாம். இப்போதைய 2012 சட்டத்தில் ரோந்துக்கு வருவது அவரவர் விருப்பம். எங்கள் தெருவில் விருப்பப்பட்டு வந்தது நான்கு பேர். இரண்டு மாதத்தில் இரவு ரோந்து நின்றுபோனது. ஆனால் அந்த நான்கு பேரும் சாயங்காலம் ஆறு மணிக்கு நடப்பதை விடவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன். இன்றைக்குப் பதினொரு பேர் நடக்கிறோம். முதலில் செய்தது, தெருவை விட்டு வெளியேறி மலிவு விலை வீடுகள் வரை நடந்து திரும்புவது. அது என் யோசனை. காரணம் யாருக்கும் சொல்லவில்லை, மேலே 12ஆம் தேதி எழுதியதுதான் காரணம்.

நடக்க நடக்கப் பெயர்கள் தெரிந்தன. யார் மகன் எந்த மோட்டார் வைத்திருக்கிறான், யார் வீட்டில் டுரியான் மரம் காய்த்திருக்கிறது, எந்தப் பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இப்போது இரவில் மோட்டார் சத்தம் கேட்டால் பாதி நேரம் யாருடையது என்று எனக்குத் தெரியும். தெரியாத சத்தமென்றால் எழுந்து பார்க்கிறேன். தினமும் வரும் ரொட்டிக்காரர் மட்டும் மாறிவிட்டார், பழையவரின் மகன்.

திருட்டே இல்லை என்று சொல்லவில்லை. 2019இல் ஒரு வீட்டில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரையும் செப்புக் கம்பியையும் கழற்றிப் போனார்கள். போன வருஷம் கார்க் கண்ணாடி உடைந்தது. அவை எங்கேயும் நடக்கும். கோலாலம்பூரில் காவலுக்குள் இருக்கும் என் மகள் வீட்டு வாசலிலேயே இரண்டு சைக்கிள் போயிருக்கிறது.

2 ஜூலை

நேற்று மாவுக்கார அக்காவைச் சந்தையில் பார்த்தேன். பெரியவன் ஈப்போவில் லாரி ஓட்டுகிறான், கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். பத்திரிகை கொடுக்க அவனையே அனுப்புவதாகச் சொன்னார். வருவானா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

13 ஜூலை

கேள்வி கேட்டவர் மனைவியோடு இன்று சாயங்காலம் வீடு பார்க்க வந்திருந்தார். நாங்கள் நடந்துகொண்டிருந்த நேரம். எங்களிடம் வருவதற்குள் மூன்று பேர் அவர்களை நிறுத்தி "யார் வீட்டுக்கு?" என்று கேட்டுவிட்டார்களாம். "காவல் அறையில்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள்" என்று அந்தப் பெண் சிரித்தார். முகத்தில் கலக்கமும் இருந்தது, மறைக்கவில்லை. நானும் கொடி பறிபோன இடத்தைக் காட்டினேன். மல்லிகைச் செடி இப்போது கேட்டுக்கு உள்ளே இருக்கிறது, அதையும் சொன்னேன். பின் சந்தைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். விளக்கு எரியவில்லை. மூன்று வாரமாக எரியவில்லை, இரண்டு தடவை புகார் செய்துவிட்டேன்.

அம்மா இருவருக்கும் தேநீர் கொடுத்தார். அந்தப் பெண் கிளம்பும்போது ஆணியில் தொங்கிய சிவப்பு ரிப்பன் சாவியைப் பார்த்துவிட்டு, அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி குடி வருகிறார்கள். அதற்குள் அந்த விளக்கைப் போடச் சொல்லித் திங்கட்கிழமை நேரிலேயே போய் நிற்கப் போகிறேன்.